பேச்சு வாங்கப் போன கல்

2006 மார்ச் 9, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. வெளியே தூறல். குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் சளி, அந்த வகைத் தூறல். தோர்ண்டன் ஹீத்தில் வியாழன்தோறும் நம்மைப் போன்ற வயதானவர்கள் கூடிச் சாப்பிடுகிற மண்டபத்தில் அன்று பதினேழு பேர் இருந்தோம். கதிரைகள் இருபத்திரண்டு. போன வருடம் இதே மாதம் கதிரை போதவில்லை.

எனக்கு எதிரே மலேசியாக்காரர் இருந்தார். அந்தக் காலத்தில் சீமைக்குப் படிக்க வந்து, கணக்காளராக வேலை பார்த்து, நோர்பரியில் வீடு வாங்கி, ஓய்வும் பெற்றுவிட்டவர். சாம்பார் ஆறிப்போய்விட்டது என்று நான் முறையிட்டுக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே கேட்டார்.

"சனிக்கிழமை ஃப்ரீயா இருக்கீங்களா சார்? கொள்ளுப் பேத்திக்கு முப்பது. வீட்டுல பேச்சாயிக்குப் படைக்கிறோம். வந்துடுங்க."

"ஆருக்கு?"

"பேச்சாயிக்கு. பேச்சின்னும் சொல்லுவாங்க, பேச்சியம்மான்னும் சொல்லுவாங்க. புள்ள பெத்தவளையும் புள்ளையையும் காப்பாத்துற சாமி. முப்பதாம் நாள் அவளுக்குப் படைச்சுட்டுத்தான் புள்ளைய வெளியே தூக்குவோம். உங்க ஊர்ல இல்லையா?"

"எங்கட பக்கம் இல்லை."

"அட, யாழ்ப்பாணத்துக்காரங்களுக்குத் தெரியாத சாமியும் இருக்கா? இன்னைக்குத் தேதிய எழுதி வச்சுக்குங்க எல்லாரும்!"

மேசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"பேச்சி எண்டது ஒரு ஆளின்ர பேரோ?"

"ஆளா? ஆத்தா சார், ஆத்தா."

கரண்டியைக் கீழே வைத்தேன். அறுபது வருடமாக ஒரு கல்லின் பெயரை நான் பிழையாக விளங்கி வைத்திருந்திருக்கிறேன். அதை அந்த மேசையில் சொல்லவில்லை. ஒரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள். அதற்குள் சொல்லி முடிக்கிற கதை அல்ல. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் என் வயதுக்காரர்கள், அவசரமாகப் போக உங்களுக்கும் இடமில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா அரசாங்க நில அளவையாளர். சேவையர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் மேலே, மரமே இல்லாத ஒரு புல்வெளியில் அவருக்கு வேலை வந்தது. பத்தனை என்பார்கள் அந்த மாதிரி இடத்தை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்கால் உயரப் புல். அதன் நடுவே மொட்டைமலை. மலை என்பதைவிடக் கற்களின் குவியல் என்று சொல்லலாம். யாரோ மேலிருந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்து போனது போலிருக்கும்.

அம்மா பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். எனக்குக் குக்கல் இருமல். பிறக்கப் போகும் குழந்தைக்குத் தொற்றிவிடும் என்று என்னை அப்பாவோடு விட்டுப் போனார். இருமுகிற பிள்ளைக்கு மலைக்காற்று நல்லது என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தகரக் கூரை போட்ட இரண்டறைக் குடில். காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி வாசலில் நிற்கும், உள்ளே வரலாமா என்று கேட்பது போல. அப்பா சோறும் பருப்பும் வைப்பார். ஒரு நாள் உப்புப் போட மறப்பார், மறு நாள் அதற்கும் சேர்த்துப் போடுவார். எட்டு மணிக்கு முக்காலியையும் அளவைக் கருவியையும் தூக்கிக்கொண்டு புறப்படுவார். அவரோடு சங்கிலி பிடிக்கத் தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார். செயின்காரர் என்று கூப்பிடுவோம்.

"அப்பா, எப்ப வருவியள்?"

"நீ ஆயிரம் எண்ணு மோனை. அதுக்குள்ள வந்திடுவன்."

ஆயிரம் எண்ணினேன். வரவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். தகரத்தின் ஆணிகளை எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு. பிஸ்கட் பெட்டியின் மூடியில் இருந்த ஆங்கிலேயச் சீமாட்டியின் உடுப்பில் பதினான்கு பொத்தான்கள். நான் எதையும் எண்ணிக்கொண்டே இருப்பதாக என் மகன் குறைப்படுவான். அது அங்கே பிடித்த வியாதி.

சாயந்தரம் அப்பா விளக்கின் கீழ் அன்றைய பெயர்களைச் சுத்தமாக எழுதுவார். தலைமையகத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு மலையில் உள்ள ஒவ்வொரு பெரிய பாறைக்கும் பெயர் வேண்டும், அதன் பொருளும் ஆங்கிலத்தில் வேண்டும். பெயரைச் சொல்வது செயின்காரர், திருத்துவது அப்பா. அப்பாவுக்குத் தமிழில் மிகுந்த பற்று. தோட்டத்துச் சனங்கள் தமிழைக் கொன்றுவிட்டார்கள் என்பதும், தாம் அதை மீட்டு எடுக்கிறார் என்பதும் அவர் நம்பிக்கை.

பாசி பிடித்த ஒரு தட்டைப் பாறைக்குக் கம்பளிக்கல் என்று பெயர். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கு முதுகில் போடுகிற கரடுமுரடான கம்பளி அது. அப்பா அதைக் கம்பளம் என்று திருத்தி, விரிப்புப் பாறை என்று பொருள் எழுதினார். நீர் சொட்டுகிற குடைவான பாறை தவறணைக்கல். எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருப்பதால் சாராயக் கடையின் பெயரை வைத்திருந்தார்கள். அரசாங்கப் படத்தில் தவறணையா என்று அப்பா அதைத் தீர்த்தக்கல் ஆக்கினார்.

தோட்ட எல்லையில் பத்துச்சீட்டுக்கல். துரை ஒருவரை வேலையிலிருந்து நீக்கிக் கையில் கொடுக்கிற சீட்டுக்குப் பத்துச்சீட்டு என்று பெயர். அதை வாங்கியவர்கள் சட்டி பானையோடு அந்தக் கல்லில் சற்று உட்கார்ந்து, தோட்டத்தைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அப்பா பத்து என்று கேட்டதும் அங்கே பத்துக் கல் இருக்க வேண்டுமென்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போய் எண்ணினார். ஏழுதான் இருந்தன. மூன்று உருண்டு போயிருக்கும் என்று குறித்துக்கொண்டார்.

செயின்காரரையும் முழுதாக நம்ப முடியாது. உச்சியில் ஆள் உயரத்துக்கு நிற்கிற கங்காணிக்கல்லுக்கு அவர் ஒரே கிழமையில் மூன்று கதை சொன்னார். முதல் நாள், கங்காணி ஒருவன் சாமியைத் திட்டிக் கல்லாய்ப் போனான். இரண்டாம் நாள், திட்டியது துரையை. மூன்றாம் கதை எனக்குப் பிடித்தது. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணிய கங்காணிக்கு ஒரு தலை குறைந்ததாம். மறுபடி எண்ணினானாம், மறுபடி குறைந்தது. எண்ணிக்கொண்டே நின்றதில் காலிலிருந்து கல்லாகிவிட்டானாம்.

"எது உண்மை?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க எழுதுறதுதான் உண்மைங்கய்யா. கவர்மெண்டு புஸ்தகமாச்சே."

அவர் கேலி செய்தாரா, மரியாதையாகச் சொன்னாரா என்பது அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கு இன்றும் புரியவில்லை.

குடிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பள்ளத்துக்கு மேலே, இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்ப்பது போல ஒரு பாறை.

"அது பேச்சிக்கல்லுங்க" என்றார் செயின்காரர்.

"ஏன் அந்தப் பேர்?"

அவர் தலையைச் சொறிந்தார். வேறு எந்தக் கல்லுக்கும் அவரிடம் கதைக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. "அது பொம்பளைங்க சமாச்சாரம்ங்கய்யா. ஆம்பளைங்க நாம வாயைத் தொறக்கக் கூடாது."

அப்பா பெருமூச்சு விட்டார். "பொம்பிளையள் கூடிப் பேசுற இடமாக்கும்" என்று எனக்குச் சொல்லி, பேச்சுக்கல் என்று திருத்தி, பேசும் பாறை என்று பொருளும் எழுதினார்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தமிழில் சாதாரணமாக உரையாடுவதற்குக் கதைப்பது என்று பெயர். பேசுவது என்றால் திட்டுவது. பேச்சு வாங்குவது என்றால் திட்டு வாங்குவது. எழுதுகிற தமிழில் அப்பா அதைப் பேசும் பாறை ஆக்கினார். எட்டு வயதுக் காதில் அது திட்டுகிற கல்லாக விழுந்தது.

திட்டுகிற கல் என்றதும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மா நன்றாகப் பேசுவார். "குரங்கே, எத்தினை தரம் சொல்லுறது உனக்கு? காதுக்குள்ள என்ன, கறையானோ?" என்று தொடங்கினால் சோறு போட்டு முடியும் வரை நிற்காது. அப்பா என்னைப் பேச மாட்டார். எதைச் செய்தாலும் பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்புவார். அந்தக் குடிலில் நான் ஒருவன் இருக்கிறேன் என்று எனக்கு உரத்துச் சொல்ல யாருமில்லை.

ஆகவே நான் அந்தக் கல்லிடம் போய்க் குழப்படி செய்யத் தொடங்கினேன். காலுறையைக் கழற்றி ஈரப் புல்லில் நின்றேன். அம்மா பார்த்திருந்தால் முதுகு பழுத்திருக்கும். கல் ஒன்றும் சொல்லவில்லை. மறு நாள் சட்டைப் பொத்தானைக் கடித்துத் துப்பினேன். அதற்கடுத்த நாள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதை இரண்டு தரம் சொன்னேன். காற்று கல்லின் இடுக்கில் புகுந்து 'உம்ம்' என்றது. பேசப் போகிறது என்று காத்திருந்தேன். அது அம்மாவும் முதலில் எழுப்புகிற சத்தம்தான். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

மாசி மாதத்தில் தோட்டத்துத் தபால் ஆள் முதல் தந்தியைக் கொண்டுவந்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். அப்பா அன்று சோற்றுக்குச் சரியாக உப்புப் போட்டார்.

"சித்திரையில அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வருவா" என்றார்.

அதற்குப் பிறகு நான் நாட்களை எண்ணினேன். ஒன்பதாம் நாள் கல்லடிக்குப் போனபோது அங்கே ஒரு தோட்டத்துப் பெண் இருந்தாள். மடியில் துணி மூட்டை போல ஒரு குழந்தை. கல்லின் அடியில் மஞ்சள் அரைத்துப் பூசி, இலையில் சோறும் முட்டையும் கருவாடும் வைத்திருந்தாள். கறுப்பு வளையல்கள் சிலவற்றைக் கல்லின் மூக்கு போன்ற இடத்தில் மாட்டியிருந்தாள்.

"யாரு? சேவையர் ஐயா மவனா? சொக்காயில பொத்தானையே காணோம். இங்க என்னய்யா பண்றே?"

"பேச்சு வாங்க வந்தனான்."

"என்ன வாங்க?"

"இந்தக் கல்லு பேசுமாம். நான் குழப்படி செய்தும் பேசேல்லை."

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். "இவளா? புள்ளைங்களையா? இவ ஒண்ணும் சொல்ல மாட்டாய்யா. புள்ளைங்க என்ன செஞ்சாலும் இவ பாத்துக்கிட்டு மட்டும்தான் இருப்பா."

இவள் என்றது யாரை என்று நான் கேட்கவில்லை. அவர்கள் மாட்டையும் மழையையும்கூட அவ, இவ என்றுதான் சொல்வார்கள். கல் திட்டாது என்பது மட்டும் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "எனக்குத் தங்கச்சி பிறந்திருக்கு" என்றேன்.

"எத்தினி நாளாச்சு?"

"ஒன்பது."

அவள் கல்லிலிருந்து இரண்டு வளையல்களைக் கழற்றினாள். என் மூன்று விரல்களுக்கே இறுக்கமான அளவு. "முப்பதுக்கு முந்தி பாப்பா கையில போடச் சொல்லு. இவகிட்ட வச்சு எடுத்ததுன்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லணும். மறந்துடாதே."

மறக்கவில்லை. நேரே அப்பாவிடம் கொண்டுபோய், தங்கச்சிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அப்பா முகர்ந்து பார்த்தார். நாங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடு.

"கருவாடு மணக்குது. இதையோ பச்சைக் குழந்தைக்குப் போடுறது? படிச்ச சனம் செய்யிற வேலையே இது?"

கோபமே இல்லாமல் சொன்னார். கோபமே இல்லாமல் வாசலுக்குப் போய்ப் பள்ளத்துக்குள் வீசினார். வளையல்கள் இரண்டு. கல்லில் பட்ட சத்தம் ஒன்றுதான் கேட்டது.

இரண்டாவது தந்தி பதினைந்து நாள் கழித்து வந்தது. அப்பா அதைப் படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனார். அன்று காலை முழுவதும் செயின்காரர் அவரோடு இருந்தார். என்ன கதைத்தார்களோ தெரியாது. மதியம் அப்பா தனியே திரும்பி வந்தார். குடிலுக்குள் வராமல் பள்ளத்துக்குள் இறங்கினார்.

நான் விளிம்பில் நின்று பார்த்தேன். அரசாங்கக் காற்சட்டையோடு முழங்காலில் நின்று புல்லைக் கை கையாக விலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன தேடுறியள்?"

"பென்சில் விழுந்திட்டுது மோனை. நீ போய் ஆயிரம் எண்ணு."

"பென்சில் காதில கிடக்குது அப்பா."

அவர் காதைத் தடவிப் பென்சிலை எடுத்தார். அதை ஒரு புதுப் பொருளைப் போலப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டு மறுபடி புல்லை விலக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கவனிக்காததை நான் கவனித்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூடுபனி ஏறி அவரை மறைக்கும் வரை தேடினார். மேலே வந்தபோது முழங்கால் இரண்டும் பச்சை. கையில் எதுவுமில்லை.

மூன்றாவது தந்தி இரண்டு நாள் கழித்து வந்தது. அன்று சாயந்தரம் அப்பா விளக்கின் கீழ் உட்கார்ந்து ஒரு பெயரை ரப்பரால் அழித்தார். எட்டிப் பார்த்தேன். பேசும் பாறை என்ற இடம் வெள்ளையாக இருந்தது.

"ஏன் அழிச்சனீங்கள்?"

"அது பிழை" என்றார். சரி எது என்று எழுதவில்லை. கல் பேசாது என்பதை அப்பாவும் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். படத்தில் பெயர் இல்லாமல் நின்ற பாறை அது ஒன்றுதான்.

சித்திரையில் அம்மா வந்தார். தோட்டத்து லொறியிலிருந்து இறங்கி, ஒரு தோல் பெட்டியோடு ஏறி வந்தார். நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன்.

"தங்கச்சி எங்கே?"

"தங்கச்சி வரேல்லை" என்றார் அப்பா. அம்மா பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், பிறகு கொண்டு வருவார்கள் என்று நான் சில மாதம் எதிர்பார்த்தேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அந்த வீட்டில் கேள்விகள் அப்படித்தான் முடியும்.

ஆனால் எனக்கு வேண்டியது வேறொன்று. மூன்று மாதமாகக் காத்திருந்தது. அம்மா வந்த மறு நாளே விளக்குச் சிமினியை வேண்டுமென்றே கீழே போட்டேன். மலையில் இருந்த ஒரே சிமினி. அம்மா வந்து நின்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குரங்கே என்று தொடங்கும். எத்தினை தரம் என்று வரும்.

அம்மா குனிந்து என் இரண்டு பாதங்களையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி குத்தவில்லை என்று தெரிந்ததும் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா இருபத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் என்னைப் பேசவில்லை.

அம்மாவின் செத்த வீட்டில்தான் சின்னம்மா சொன்னார். "உன்ர தங்கச்சி இருபத்தாறு நாள் இருந்தவள், தெரியுமே?" தெரியாது என்றேன். அவர் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போய்விட்டார்.

இருபத்தாறு என்ற எண் என்னிடம் இருந்தது. முப்பது என்ற எண்ணும் இருந்தது, மலையில் ஒருத்தி சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வியாழக்கிழமை ஆறிப்போன சாம்பாருக்கு முன்னால்தான் தோன்றியது. அப்பா பள்ளத்தில் எதைத் தேடினார் என்பதும் அப்போதுதான். வளையல் போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அப்பாவும் நம்பியிருக்க மாட்டார். ஆனால் அவர் முழங்காலில் நின்று தேடினார். அவர் இருந்த காலத்தில் நான் அதைத் தெரிந்துகொண்டிருந்தால் இரண்டு வார்த்தை கதைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை தோர்ண்டன் ஹீத்துக் கடையில் குழந்தைகளுக்கான கரு வளையல் கேட்டேன். கல்லாவில் ஒரு இளம்பெண்.

"ஒரு சோடியா அங்கிள்?"

"ரெண்டு."

"ட்வின்ஸா? சோ ஸ்வீட்!"

ஓம் என்றேன். விளக்கப் போனால் வரிசை நீளும்.

நோர்பரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறல் பலத்திருந்தது. மலேசியாக்காரரின் வீட்டுச் சமையலறைக்கு வெளியே ஒரு சின்னத் தகரக் கொட்டகை. அதன் கீழே வீட்டுத் தோட்டத்தில் பொறுக்கிய ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். சோறு, முட்டை, கருவாடு. அறுபது வருடத்துக்குப் பிறகு அதே மணம். குழந்தை உள்ளே தூங்கியது. நான் இரண்டு சோடியையும் கல்லின் முன்னால் வைத்தேன்.

நண்பரின் மனைவி குனிந்து பார்த்தார். "ஒண்ணு எங்க புள்ளைக்கு. இன்னொண்ணு யாருக்கு சார்?"

"என்ர தங்கச்சிக்கு."

"தங்கச்சிக்கா? சின்ன அளவா இருக்கே. அவங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு நாள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது சோடியை எடுத்துக் கல்லின் மேல் நன்றாக இருத்தி வைத்தார். பிறகு நிமிர்ந்து, என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டார்.

"என்ன சார் இது? இந்தக் குளிர்ல தொப்பி இல்லாம, மப்ளர் இல்லாம! நெஞ்சுல சளிய வச்சுக்கிட்டு மழையிலயா வருவாங்க? புத்தி வேணாம்? சின்னப் புள்ளையா நீங்க? எத்தனை தடவை சொல்றது ஒரு மனுஷனுக்கு!"

"விடும்மா" என்றார் நண்பர். "பேச்சாயி முன்னால நின்னுக்கிட்டு விருந்தாளியத் திட்டுறியே."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நான்தான் சொல்லணும்" என்று அவர் துவாயை எடுத்து வந்து என் தலையில் போட்டார். போட்ட பிறகும் நிறுத்தவில்லை. நான் துவாய்க்குள்ளேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வளையல் ஒரு சோடி ஒரு பவுண் இருபது பென்ஸ். பஸ்ஸுக்கு முதியோர் பாஸ் இருந்தது. ஆகமொத்தம் இரண்டு பவுண் நாற்பது.